வெள்ளைச் சப்பாத்து வந்த வழி

மலேசியப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுத் தேய்த்த வெள்ளைச் சப்பாத்தில் மூன்றே பொருள்கள்தான்: அடியில் ரப்பர், மேலே பருத்தித் துணி, அதன்மேல் பூசிய வெள்ளை. துணி எங்கிருந்தோ வந்தது. வெள்ளை புட்டியில் வந்தது. ரப்பர் மட்டும் நம்மவர்கள் கைபட்ட சரக்கு. பினாங்குத் தீவிலிருந்து கடலைத் தாண்டினால் செபராங் பிறை, அதற்கு வடக்கே கெடா. அங்கே நிரை நிரையாக நின்ற பால்மரங்களை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் பிறகு ஜார்ஜ்டவுன் பள்ளிகளின் திடலில் அந்தச் சப்பாத்தோடு வரிசையில் நின்றார்கள். அந்தச் சப்பாத்தின் கதையைச் சொல்லும்போது பள்ளியிலிருந்து தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. தோட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பால்மரம் இந்த மண்ணின் மரமல்ல. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மலாக்காவில் டான் சாய் யான் 1896இல் வணிகத்துக்காக ரப்பர் நட்டார். அதன் பிறகு காடு காடாக வெட்டிச் சாய்த்து மலாயாவே ரப்பர் தோட்டமானது. வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் வந்து பினாங்கில் இறங்கியது.

விடியுமுன் பெரட்டு. கிராணி பேர் கூப்பிட்டு முடிந்ததும் உளியும் வாளியுமாக நிரைக்குள் இறங்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பட்டையில் மெல்லிய சீவல், அதன் வழியே கசிந்து மங்கில் சொட்டும் பால், காலை முடியும்போது காண்டாத் தடியில் இரண்டு வாளி. ஸ்டோரில் அமிலம் ஊற்றிப் பாலை உறையவைத்து, உருளையில் தகடாக்கிப் புகையில் காயப்போடுவார்கள். பொன்னிறமாகப் பழுத்த அந்தத் தகடு பொதியாகி ஏற்றுமதிக்குப் போனது.

இந்த வேலை முழுவதும் பெரும்பாலும் வெறுங்காலில் நடந்தது. மழையில் ஊறிய, கழிப்பிட வசதி சரியாக இல்லாத தோட்டத்து மண்ணில் கொக்கிப்புழு கால்தோல் வழியே ஏறி இரத்தத்தை உறிஞ்சியது. சோகை பிடித்த கூலிகள் தோட்டத்து ஆஸ்பத்திரிகளை நிறைத்தார்கள். 1915க்கும் 1917க்கும் இடையில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவக் குழு மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் இந்தப் புழுவைத்தான் ஆராய்ந்தது. காலுக்கு ஒரு ரப்பர் அடி கிடைத்திருந்தால் புழு ஏறும் வழி பெருமளவு அடைபட்டிருக்கும். உலகத்துக்கே ரப்பர் வெட்டிக் கொடுத்த கால்களுக்கு அது கிடைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. நூறாண்டு கழிந்ததால் ஆறிவிடும் கோபமல்ல இது.

ரப்பரையும் துணியையும் சேர்த்துச் சப்பாத்தாக்கும் வித்தை இதற்கு முன்பே பிறந்திருந்தது. பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் வெடிக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டுக்கும் அசையாது என்று அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்தார். பிறகு இங்கிலாந்தில் கடற்கரையில் உலாவவும் டென்னிஸ் ஆடவும் ரப்பர் அடி வைத்த துணிச் சப்பாத்து பரவியது. செய்முறை அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். துணியைக் கால் அச்சில் இழுத்து மாட்டி, அடியை ஒட்டி, சுற்றிலும் ரப்பர் பட்டையை அழுத்தி, அச்சோடு அப்படியே நீராவி அடுப்புக்குள் தள்ளிவிடுவார்கள். வேகும்போது துணியும் ரப்பரும் பிரியாமல் ஒன்றாகிவிடும். தோல்காரர் தேவைப்படாததால் விலை குறைந்தது. விலை குறைந்ததால்தான் அது பள்ளிக்கூடத்துக்கு வந்தது.

தென்கிழக்காசியாவில் இந்தத் தொழிலைப் பெரிதாக நடத்தியவர் சிங்கப்பூரின் டான் கா கீ. 1920களில் அவருடைய ஆலையின் ரப்பர் சப்பாத்துகள் இந்த வட்டாரமெங்கும் விற்றன. உலகப் பொருளாதார மந்தம் அவரைச் சாய்த்து, 1934இல் நிறுவனம் மூடப்பட்டது. அதற்குள் செக்கோஸ்லோவாக்கியாவின் பாட்டா சிங்கப்பூரில் கடை விரித்திருந்தது, பிறகு கிள்ளானில் ஆலையும் கட்டியது. பாட்டா இந்தியக் கம்பெனி என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் நம்மில் நிறைய. அதே கிள்ளானில் ஃபுங் கியோங் ரப்பர் ஆலையின் துணிச் சப்பாத்துகளும் உருவாகி நாடெங்கும் போயின. தோட்டத்துப் பால் கிள்ளானுக்குப் போய்ச் சப்பாத்தாகி, பினாங்கின் கேம்பல் தெருக் கடைகளுக்கு அட்டைப்பெட்டியில் திரும்பி வந்தது.

பினாங்கில் பள்ளிக்கூடம் சப்பாத்தைவிட மூத்தது. பாதிரியார் ஹட்சிங்ஸ் 1816 அக்டோபர் 21இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில்தான் மலாயாவின் முதல் தமிழ் வகுப்பு நடந்தது. மலேசியத் தமிழ்க் கல்வி 2016இல் தன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியது அந்தக் கணக்கில்தான். 1852இல் செயின்ட் சேவியர்ஸும் லைட் தெருக் கான்வென்ட்டும் வந்தன. 1885இல் செயின்ட் ஜார்ஜஸ் பெண்கள் பள்ளி. தோட்டத்தில் கதை வேறு. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தியே ஆகவேண்டும் என்று 1923இன் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி என்றால் பெரும்பாலும் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். அங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து படித்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பின்னர் நாடு முழுவதற்கும் ஒரே சீருடை வந்தது. ஆரம்பப்பள்ளியில் கருநீலக் கால்சட்டை, கருநீலப் பினாஃபோர். இடைநிலைப்பள்ளியில் பையன்களுக்கு இலைப்பச்சை நீளக்கால்சட்டை, பெண்களுக்கு நீலப்பச்சைப் பினாஃபோர் அல்லது அதே நிறச் சரோங்கோடு வெள்ளை பாஜு கூரோங். சட்டை எல்லாருக்கும் வெள்ளை. காலில் வெள்ளைக் காலுறை, வெள்ளைச் சப்பாத்து. மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, துவான் வீட்டுப் பிள்ளை, தோட்டி வீட்டுப் பிள்ளை என்ற வேறுபாடு உடையில் தெரியக்கூடாது என்பதே நோக்கம். நல்ல நோக்கம். வெள்ளை ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வெயில் நாட்டில் வெள்ளை உடுத்துவது வெள்ளைக்கார அதிகாரிகளின் பழக்கம். பட்டாளத்தில் இடுப்புப்பட்டைக்கு வெள்ளை பூசுவதும் அவர்கள் பழக்கமே. அவர்கள் போனார்கள், பழக்கம் தங்கிவிட்டது.

இனி அந்தச் சப்பாத்தைக் கழுவும் ஞாயிற்றுக்கிழமை.

1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழில்பேட்டை திறந்ததும் பினாங்குத் தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கை மாறியது. தோட்டங்களை விட்டு வந்தவர்களும் பட்டணத்திலேயே பிறந்தவர்களும் மின்னணு ஆலைகளில் ஷிஃப்ட் வேலைக்குப் போனார்கள். அம்மாக்களும்தான். ஆயர் ஈத்தாம் ரைஃபல் ரேஞ்ச் அடுக்குமாடியில் ஞாயிறு மத்தியானம் நடைபாதைக் கம்பிகளைப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சப்பாத்து காயும், நாக்கை வெளியே இழுத்து, கயிறு உருவி. சிலவற்றில் டாய்லெட் தாள் சுற்றியிருக்கும். தெரியாதவர்களுக்கு அது வேடிக்கை. துணிக்குள் தங்கிவிட்ட சோப்பும் அழுக்கும் நீரோடு சேர்ந்து மேலே ஏறும். நீர் ஆவியானதும் அவை விளிம்பில் மஞ்சள் கறையாகப் படியும். ஈரத்திலேயே தாள் சுற்றிவிட்டால் கறை தாளில் ஏறிவிடும், துணி தப்பிக்கும். எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத இந்த அறிவியலை ஷிஃப்ட் முடிந்து வந்த அம்மாக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள்.

பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, அரை ஈரத்தில் வெள்ளை பூசுவது அடுத்த கட்டம். புட்டியின் வாயிலேயே பஞ்சு இருக்கும். தலைகீழாகக் கவிழ்த்து அழுத்தினால் பால்போல் இறங்கும். அதிகமாகப் பூசினால் காய்ந்தபின் பாளம் பாளமாக வெடிக்கும், குறைவாகப் பூசினால் கறை கண்சிமிட்டும். கயிற்றைத் தனியாக ஊறவைக்க வேண்டும். கண்வளையங்களில் வெள்ளை படாமல் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் துருவோடு கலந்து காவியாகிவிடும். மழை பிடித்துக்கொண்டால் சப்பாத்து குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் போகும், அங்கே சூடு இருக்கும் என்பதால். பினாங்கில் சாயங்கால மழை கேட்டுக்கொண்டு வராது. “மழையில சப்பாத்தை நனைச்சிராதே தம்பி, கழட்டிப் பையில வச்சுக்கிட்டு வா” என்று சொல்லி அனுப்பாத அம்மா இருந்திருக்க மாட்டார். பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். கால்வாய் நிரம்பி ஓடும் தெருவில் வெறுங்காலோடு, பையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். காலைக் காப்பாற்ற வந்த சப்பாத்தைக் கால் காப்பாற்றியது.

திங்கட்கிழமைச் சபைகூடல்தான் தேர்வுநாள். தேசியப் பாடல் முடிந்ததும் கட்டொழுங்கு ஆசிரியர் வரிசைக்குள் இறங்குவார். பையன்களின் முடி சட்டைக் கழுத்தைத் தொடக்கூடாது, நகம் வெட்டியிருக்க வேண்டும், பெண்களின் தலைக்கயிறு கறுப்போ கருநீலமோ தவிர வேறு நிறமாக இருக்கக்கூடாது, காலுறை கணுக்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் கவலைகள் இருந்தன. பொட்டு எவ்வளவு பெரிது இருக்கலாம், கையில் கட்டிய காப்புக்கயிறை அவிழ்க்க வேண்டுமா, தைப்பூசத்துக்கு மொட்டை போட்ட பையன் தொப்பியோடு வரலாமா. எழுதிய விதி எது, ஆசிரியரின் சொந்த விதி எது என்று எங்களுக்குத் தெரியாது. தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு முடி இறக்கியதைச் சொன்னால் புரிந்துகொண்டு தலையைத் தடவிவிட்டுப் போன சீன ஆசிரியைகள் உண்டு. காப்புக்கயிறைக் கத்தரிக்கோலால் நறுக்கியவர்களும் உண்டு.

விதி எங்கே இருக்கிறதோ அங்கே அதை வளைக்கும் கையும் இருக்கும். சப்பாத்து விஷயத்தில் அந்தக் கையில் இருந்தது சாக்கட்டி. கரும்பலகைத் தட்டில் கிடக்கும் துண்டுகள் திங்கட்கிழமை காலையில் காணாமற் போகும். மணி அடிக்குமுன் கழிப்பறைச் சுவரோரம் குந்தி, முனையில் பட்ட சேற்றின்மேல் சாக்கட்டியை அழுத்தித் தேய்த்தால் தூரத்துப் பார்வைக்கு வெள்ளை. அவசரக்காரர்கள் டஸ்டரையே எடுத்துத் தட்டிக்கொள்வார்கள். ரப்பர் முனையில் கீறல் விழுந்திருந்தால் எழுத்துப்பிழை மறைக்கும் வெள்ளைத் திரவம். திடலில் நின்று காலை உதறினால் புகை எழும். அப்படி எழுந்தால் மாட்டிக்கொண்டோம். புல்லில் பனி இருந்தால் சாக்கட்டி கரைந்து கஞ்சியாக ஒழுகும். அப்போதும் மாட்டிக்கொண்டோம். “என்ன இது?” “மழை டீச்சர்.” “இன்னைக்கு எங்கே மழை?” “வீட்டுக்குள்ள டீச்சர்.” கூரை ஒழுகும் வீட்டுப் பிள்ளை சொன்ன அந்தப் பதில் பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

வசதி உள்ளவர்கள் வளைத்த விதம் வேறு. இடைநிலைப்பள்ளியில் பல்லாஸ் ஜாஸ் சப்பாத்து போட்டு வருவது ஒரு மிடுக்கு. வெளிநாட்டுப் பெயர்கொண்ட விளையாட்டுச் சப்பாத்தின் கோடுகளை வெள்ளை பூசி மறைத்து வருவார்கள். மறைத்தும் தெரியவேண்டும் என்பதே அதன் சாரம். பாவாடையை இடுப்பில் ஒரு சுற்று மடிப்பது, கால்சட்டையின் அடியைக் குறுக்கித் தைப்பது எல்லாம் அந்த வயதின் உரிமைகள். பல பள்ளிகளில் பெங்காவாஸ் மாணவர்கள், அதாவது மாணவத் தலைவர்கள், கறுப்புச் சப்பாத்து போடலாம். வரிசையில் நின்று அவர்கள் காலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதிகாரம் என்பது முதலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விளையாடக் கிடைக்கும் சுதந்திரம் என்று.

வெள்ளைச் சப்பாத்து வேறுபாட்டை மறைக்க வந்தது. ஆனால் வெள்ளையில் எதுவும் மறையாது. இரண்டு சோடி உள்ள பிள்ளை யார், ஒரே சோடியைக் கழுவி ஈரத்தோடு மாட்டி வந்தவன் யார் என்று திங்கட்கிழமை காலையில் ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். வாரா வாரம் வெள்ளை வாங்கும் வீடு எது, சாக்கட்டி திருடும் பிள்ளை எது, காரில் வந்து இறங்குகிறவன் யார், மண்பாதையில் நடந்து வந்தவள் யார், எல்லாமே காலில் எழுதியிருந்தது. ஒரே மாதிரி உடுத்தச் சொன்ன விதி ஏழைப் பிள்ளையைத்தான் வெளியே இழுத்து நிறுத்தியது. ‘வெள்ளை பூசுவது பிள்ளைக்குச் சுத்தத்தைப் பழக்கும்’ என்று சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன். தன் கையால் சப்பாத்து கழுவிய பிள்ளைக்கு அது பழகியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் கழுவியது அம்மா, அல்லது அக்கா. தம்பியின் சோடியையும் சேர்த்துத் தேய்த்த அக்காக்களுக்கு யாரும் கட்டொழுங்கு மதிப்பெண் போடவில்லை.

மாற்றம் 2018இல் வந்தது. மே மாதப் பொதுத்தேர்தலில் ஆட்சி மாறி, மஸ்லி மாலிக் கல்வியமைச்சரானார். ஜூலையில் அவர் பள்ளிச் சப்பாத்து கறுப்பாகும் என்று அறிவித்தார். முதலில் 2019இலிருந்தே என்றார். கடைகளில் வெள்ளைச் சரக்கு குவிந்து கிடக்கிறது, வீட்டில் வாங்கிய சோடி இருக்கிறது என்று குரல்கள் எழ, 2019, 2020 இரண்டாண்டும் எதையும் போடலாம், 2021 முதல் கறுப்பு மட்டும் என்று முடிவானது. நாட்டுக் கல்வியில் ஆயிரம் சிக்கல் இருக்க அமைச்சர் சப்பாத்து நிறத்தைப் பிடித்துக்கொண்டார் என்று பலர் கேலி செய்தார்கள். ‘கறுப்புச் சப்பாத்து அமைச்சர்’ என்ற பட்டம் 2020 ஜனவரித் தொடக்கத்தில் அவர் பதவி விலகும் வரையிலும், விலகிய பிறகும் ஒட்டிக்கொண்டது. அவருடைய மற்ற முடிவுகளை வேறிடத்தில் எடை போடலாம். இந்த முடிவைக் கேலி செய்தவர்களில் எத்தனை பேர் தங்கள் கையால் சப்பாத்துக்கு வெள்ளை அடித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஷிஃப்ட் முடிந்து வரும் ஒரு அம்மாவுக்கு வாரத்தில் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்த அரசாணை சின்ன விஷயமில்லை.

அந்த இரண்டாண்டும் சபைகூடலில் வெள்ளையும் கறுப்பும் கலந்து நின்றன. கொம்தார் பக்கம் கேமா பேரங்காடியிலும் லிட்டில் இந்தியாவின் சீருடைக் கடைகளிலும் டிசம்பர் மாதத்தில் இரண்டு நிறமும் அடுத்தடுத்துக் கிடந்தன. ஆண்டுமுடிவில் வெள்ளை மலிவாகிவிட, ‘இன்னும் ஒரு வருஷம் ஓடும்’ என்று அதையே வாங்கிப் போனவர்களும் உண்டு. ஆனால் 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடின. கறுப்பு கட்டாயமான 2021 பள்ளியாண்டு ஜனவரி 20இல் தொடங்கியபோது பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் கைத்தொலைபேசிக்கு முன்னால் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்கள். வாங்கிவைத்த கறுப்புச் சப்பாத்து பெட்டியிலேயே இருக்க, கால் வளர்ந்துவிட்டது. மீண்டும் பள்ளி திறந்தபோது பல வீடுகளில் புதிதாக வாங்க வேண்டியிருந்தது.

கறுப்புக்கும் விதி உண்டு, வளைப்பும் உண்டு. முழுக் கறுப்பாக இருக்கவேண்டும் என்று பள்ளி சொன்னால், வெள்ளை அடி வைத்த மலிவுச் சப்பாத்தின் ஓரத்தை அழியாத மையால் கறுப்பாக்கிக்கொண்டு வருகிறார்கள். சாக்கட்டி இருந்த கையில் இப்போது மார்க்கர். பக்கத்து நாடான சிங்கப்பூரில் இன்றும் பல பள்ளிகளில் வெள்ளைதான், அங்கே ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் மாறவில்லை.

இங்கே அரசு பள்ளித் தொடக்க உதவியாக ஒவ்வொரு மாணவருக்கும் இப்போது 150 ரிங்கிட் கொடுக்கிறது. வருமானம் பார்ப்பதில்லை. அதில் சப்பாத்து, பை, ஒரு சட்டை என்று வாங்கினால் முடிந்துவிடும். ஆனால் வெள்ளை இருந்த காலத்தில் இல்லாத ஒரு சேமிப்பு இப்போது இருக்கிறது. வெள்ளைச் சப்பாத்து தேய்வதற்கு முன்பே மஞ்சளாகிவிடும், அண்ணன் போட்டதைத் தம்பிக்குக் கொடுக்க முடியாது. கறுப்பு அப்படி இல்லை. அடி தேயாமல் இருந்தால், கயிறு மட்டும் மாற்றி, அடுத்த பிள்ளைக்கு வருகிறது. பக்கத்து வீட்டுக்கும் போகிறது. சில பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுமுடிவில் கால் வளர்ந்த பிள்ளைகளின் சப்பாத்துகளைச் சேர்த்து, அளவு வாரியாகப் பிரித்து, தேவைப்படும் வீடுகளுக்குக் கொடுக்கின்றன.